நல்ல வாரத்தில்

அந்த வாரம் முழுவதும் மில்லிகிராம் லிஃப்டில் ஏறவில்லை. ஐந்தாம் மாடிக்குத் தொண்ணூறு படிகள். இடது முழங்காலில் வலி உள்ளவர், மூன்றாம் மாடியில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, மீதி முப்பத்தாறையும் ஏறினார். லிஃப்டின் கதவருகே அறிவிப்புப் பலகையில் அவர் தம் கையால் கட்டம் போட்டு எழுதிய தாள் ஒன்று தொங்கியது. அதன் எதிரே நிற்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

எடையளவு அலுவலகத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக ஆய்வாளர் அவர். கடை கடையாகச் சென்று தராசுகளைச் சோதித்து, சரியானவற்றுக்கு முத்திரை வைப்பதும், தவறானவற்றைப் பறிமுதல் செய்வதும் வேலை. பித்தளை எடைக்கற்களை வெல்வெட் பதித்த பெட்டியில், பெரியதிலிருந்து சிறியது வரை வரிசை மாறாமல் வைத்திருப்பார். முதல் மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் தம் பேத்தி பிறந்த செய்தியைச் சொல்லி, “மூணு கிலோ இருநூறு சார்!” என்று பூரித்தபோது, இவர், “துணியோடயா, துணி இல்லாமலா?” என்று கேட்டுவிட்டார். கண்டக்டர் அன்றே அவருக்கு மில்லிகிராம் என்று பெயர் சூட்டினார். அதன்பின் அவருடைய சொந்தப் பெயரைத் தபால்காரர் தவிர எவரும் பயன்படுத்தவில்லை.

கட்டடத்தின் பதினொரு வீட்டார் சேர்ந்து ஒரு தோட்டத்தில் பங்கு எடுப்பதென்று முடிவு செய்தபோது, தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அவரிடம் வந்ததில் வியப்பில்லை. முறை எளியது. பருவத் தொடக்கத்திலேயே தோட்டத்துக்குப் பணம் கட்டிவிட வேண்டும். பிறகு பருவம் முடியும்வரை, வாரம் ஒருமுறை, விளைந்ததில் ஒரு பங்கு வீடு தேடி வரும். எந்தத் தோட்டம் என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சாக இருந்தது. “மில்லிகிராம்கிட்ட விட்டுடுங்கப்பா. அவரு பார்த்துச் சொன்னா கத்தரிக்காயே பயப்படும்” என்றார் கண்டக்டர்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று தோட்டங்களுக்கு அவர் சென்றுவந்தார். முதல் தோட்டத்தார் வாரந்தோறும் தவறாமல் ஆறு கிலோ என்று உறுதி கூறினர். ஆனால் கிடங்கின் மூலையில் மொத்தச் சந்தையின் முத்திரை பதித்த பெட்டிகள் அடுக்கியிருந்ததை அவர் கண் பிடித்துவிட்டது. முத்திரை பார்த்துப் பழகிய கண் அது. இரண்டாம் தோட்டத்து இளைஞர், எதைக் கேட்டாலும், “எல்லாம் ஆப்ல இருக்கு சார்” என்றார். நிலத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை.

மூன்றாவது, முக்கால் ஏக்கர். நாற்பது வயதுப் பெண் ஒருத்தி தனியாகப் பயிரிட்டுவந்தாள். அதுவரை சந்தையில் விற்றவள், அந்தப் பருவத்தில் சந்தையை விட்டுவிட்டுப் பங்குகளை மட்டுமே நம்பி விதைக்க எண்ணியிருந்தாள். மில்லிகிராம் ஒன்பது கேள்விகள் எழுதிக்கொண்டு போயிருந்தார். மூன்றுக்கு அவள், “தெரியாது சார்” என்றாள். அது அவருக்குப் பிடித்திருந்தது. தெரியாது என்று சொல்லும் கடைக்காரரின் தராசு பெரும்பாலும் சரியாகவே இருக்கும் என்பது அவர் அனுபவம்.

“வாரத்துக்கு எத்தனை கிலோ வரும்மா?”

“அத எப்படி சார் இப்பவே சொல்றது? விதை இன்னும் பொட்டலத்துல இருக்கு.”

“சராசரியாச் சொல்லுங்க.”

“சராசரின்னா?”

“ஒரு வாரம் கூட வரும், ஒரு வாரம் குறைய வரும். ரெண்டுக்கும் நடுவுல.”

“நடுவுல எனக்குத் தெரியாது சார். நல்ல வாரத்துல அஞ்சு கிலோ வரும். மோசமான வாரத்துல என்ன வருதோ அதக் கூறு போட்டுக் குடுப்பேன்.”

“தராசு எங்க இருக்கு?”

“தராசு இல்ல சார். கூறுதான்.”

நம்பாமல் பார்த்தவருக்கு அவள் செய்தே காட்டினாள். சாக்கை விரித்து, ஒரு கூடை உருளைக்கிழங்கைப் பன்னிரண்டு குவியல்களாகப் பிரித்தாள். பெரிய கிழங்கு விழுந்த கூறிலிருந்து சிறியது ஒன்றை எடுத்து, பக்கத்துக் கூறில் வைத்தாள். பதினொன்று வீடுகளுக்கு, பன்னிரண்டாவது அவள் வீட்டுக்கு. “போடுற ஆளு கடைசியா எடுக்கணும் சார். எனக்கு மிச்சம் விழுறதுதான் என் கூறு. அதனால கை தானா ஒழுங்காப் போடும்” என்று சிரித்தாள்.

அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் சட்டைப்பைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அன்று மாலை வீட்டில் உட்கார்ந்து, மூன்று தோட்டங்களையும் ஒரே தாளில் ஒப்பிட்டு ஒன்பது கட்டங்கள் போட்டார். நீர், மண், தொலைவு, காய் வகை என்று வரிசையாக நிரப்பினார். ஆறாவது கட்டம் எடை. அது இரண்டு விரல் அகலம். ‘வாரம் 5 கிலோ’ என்பது அதில் அளவெடுத்ததுபோல் அடங்கியது. மூன்றாம் தோட்டத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, தாளை லிஃப்டின் அருகே ஒட்டினார். பதினொரு வீட்டாரும் பணம் கட்டினார்கள்.

முதல் ஆறு வாரங்கள் பை கனமாகவே வந்தது. வீட்டுக்குள் யாருக்கும் தெரியாமல் அவர் நிறுத்துப் பார்ப்பார்: ஐந்து கிலோ இருநூறு, நான்கு கிலோ தொள்ளாயிரத்து எண்பது. தையல் இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்காமலே மனைவி சொல்வாள்: “கூறு கெட்ட மனுஷா! கீரைக்கு முத்திரை வைக்கப் போறீங்களா?” முப்பது ஆண்டுகளாக அவள் அவரைச் செல்லமாகத் திட்டுவது அந்தச் சொல்லால்தான்.

ஏழாம் வாரம், செவ்வாயன்று ஆலங்கட்டி மழை பெய்தது. சனிக்கிழமை சைக்கிள் நிறுத்துமிடத்தில் தோட்டக்காரம்மா வந்து இறக்கிய பைகள் தூக்கும்போதே இலேசாக இருந்தன.

கட்டடச் சங்கத்தின் செயலாளர் தம் பையை ஒரு விரலில் மாட்டி ஆட்டிக்காட்டினார். “சார், நீங்க ஒட்டின தாள்ல அஞ்சு கிலோன்னு இருக்கே?”

எல்லாருடைய முகங்களும் மில்லிகிராமின் பக்கம் திரும்பின. காது மடல் சூடேறியது. மாடிக்குப் போய், சோதனைத் தராசை எடுத்துவந்து, சிமெண்டுத் தரையில் வைத்து, மட்டக் குமிழி நடுவில் நிற்கும்வரை தராசின் கால்களைத் திருகினார். ஒவ்வொரு பையாக நிறுத்தார். மூன்று கிலோ நூற்று அறுபது. மூன்று நூற்று நாற்பது. மூன்று நூற்று எழுபது. தராசே இல்லாத கை அவ்வளவு சமமாகப் பிரித்திருந்தது. அதைக் கண்டு வியந்திருக்க வேண்டியவர் அவர் ஒருவர்தான். அன்று அவர் கண்ணில் அது படவில்லை.

“எடை குறைவு” என்றார்.

“ஆமா சார், குறைவுதான். செவ்வாக்கிழமை ஆலங்கட்டி விழுந்து…”

“மழை வேற, எடை வேறம்மா.”

கள்ளத் தராசு வைத்திருக்கும் கடைக்காரரிடம் பேசும் குரல் அது. அவள் காலிச் சாக்குகளை மடித்துச் சைக்கிள் வண்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். ஏழு வீட்டார் மீதிப் பணத்தைத் திருப்பிக் கேட்டு விலகுவதாகச் சொன்னார்கள். அடுத்த சனிக்கிழமை அவளிடம் கொடுக்க ஒரு கடிதம் எழுதும்படி செயலாளர் மில்லிகிராமையே கேட்டுக்கொண்டார். ஏழு பங்குகளின் பணம் கைவிட்டுப் போனால் அவளால் இரண்டாம் விதைப்பு போட முடியாது. சந்தையில் அவள் இருந்த இடத்தையும் வேறொருவர் பிடித்துவிட்டார். இது எல்லாருக்கும் தெரியும்.

திங்களன்று அலுவலகத்தில், கடிதத்தில் அவள் சொன்ன சொல்லை அப்படியே எடுத்தாள்வதற்காகக் குறிப்பேட்டைப் புரட்டினார். அவருடைய கையெழுத்திலேயே, தேதியோடு, அது இருந்தது: ‘நல்ல வாரத்தில் 5 கிலோ.’

இரண்டு சொற்கள். அவள் சொல்லியிருந்தாள், அவர் கேட்டிருந்தார், எழுதியும் இருந்தார். கட்டத்தில் இடம் போதவில்லை என்று உதறியவரும் அவரேதான். பிறகு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. சனிக்கிழமை வண்டியில் பைகள் பதினொன்றே இருந்தன. எப்போதும் ஓரமாகக் கிடக்கும் அவளுடைய பன்னிரண்டாவது பை இல்லை. அந்த வாரம் அவள் தனக்குக் கூறே போட்டுக்கொள்ளவில்லை.

எதிர்மேசைக்காரர், “என்ன சார், வேர்க்குது? ஃபேன் ஓடுதே” என்றார். “ஒண்ணுமில்ல” என்று பெட்டியைத் திறந்து எடைக்கற்களைத் துடைக்கத் தொடங்கினார். அவை ஏற்கெனவே துடைத்தவை.

அன்றிலிருந்துதான் படியேறல். குறிப்பேட்டைக் கண்டவர் எவருமில்லை. பேசாமல் இருந்துவிட்டால் எவருக்கும் தெரியப்போவதும் இல்லை. அந்த எண்ணம் தமக்குள் இரண்டு நாள் குடியிருந்ததையும் அவர் அறிந்தே இருந்தார். புதன்கிழமை காலை மனைவியிடம் குறிப்பேட்டை நீட்டினார்.

அவள் கண்ணாடியை மூக்கில் இறக்கிப் படித்தாள். “அந்தத் தாள்ல ரெண்டு வார்த்தை எழுத இடமில்லாமப் போச்சா?”

“கட்டம் சின்னது.”

“கட்டத்தப் போட்டது யாரு?”

‘கூறு கெட்ட மனுஷா’ என்று அவள் சொல்லிவிட்டால் தேவலை என்றிருந்தது அவருக்கு. அவள் சொல்லவில்லை. ஊசியில் நூலைக் கோத்து, “சனிக்கிழமை நானும் கீழ வரேன்” என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை காலை தாளின்முன் போய் நின்றார். ஆறாவது கட்டத்தின் கோட்டைத் தாண்டி, ஏழாவது கட்டத்துக்குள்ளும் புகுந்து, ‘நல்ல வாரத்தில்’ என்று சிவப்பு மையால் எழுதினார். கோட்டைத் தாண்டி அவர் எழுதியது அதுவே முதல் தடவை.

சைக்கிள் நிறுத்துமிடத்துக்கு ஒன்பது வீட்டார் வந்திருந்தனர். இரண்டாம் மாடியின் இரு வீட்டார் வரவில்லை. தோட்டக்காரம்மா கூடைகளை இறக்கிவிட்டு ஒதுங்கி நின்றாள். செயலாளர் கடிதத்துக்காகக் கையை நீட்டினார்.

“கடிதம் எழுதலீங்க. அவங்க சொன்னது இது” என்று மில்லிகிராம் குறிப்பேட்டைப் பிரித்து உரக்கப் படித்தார். தாளில் எழுதியதையும் சொன்னார். “விட்டது நான்தான். அவங்க மேல தப்பே இல்ல.”

கண்டக்டர் தொண்டையைச் செருமினார். “மில்லிகிராமே ரெண்டு கிலோ விட்டுட்டாரா!” யாரும் சிரிக்காததால் அவரும் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

“இத அன்னைக்கே பார்த்திருக்கக் கூடாதா சார்?” என்றார் செயலாளர்.

“எங்க வீட்டு ஆளுங்ககிட்ட இந்த அம்மாவ ஏமாத்துக்காரின்னு சொல்லிட்டேனே” என்றாள் நான்காம் மாடிப் பெண். சொன்னதும் அவளே தலையைக் குனிந்துகொண்டாள்.

மில்லிகிராம் தோட்டக்காரம்மாவின் பக்கம் திரும்பினார். “மன்னிச்சிடுங்கம்மா.”

“எடை குறைஞ்சது குறைஞ்சதுதானே சார், அதுக்கு என்ன” என்றாள் அவள். “மழை வேறன்னு சொன்னீங்க பாருங்க. அதுதான்…” என்று தொடங்கி, முடிக்காமல், கூடைகளைக் காட்டினாள். “இன்னைக்கு நான் கூறு போடல. நீங்க போடுங்க.”

“எத்தனை?”

“பன்னண்டு. வராதவங்களுக்கும் சேர்த்துத்தான்.”

சாக்கை விரித்து அவர் மண்டியிட்டார். முழங்கால் வலித்தது. கேரட், பீட்ரூட், பாதி அடிபட்ட முட்டைக்கோஸ். வைத்தார், எடுத்தார், மாற்றி வைத்தார். அனைவரும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு கேரட்டைக் கையில் பிடித்தபடி எந்தக் கூறில் போடுவதென்று தெரியாமல் நெடுநேரம் இருந்தார். கடைசிவரை கூறுகள் ஒன்றுபோல் அமையவில்லை. ஒன்று மட்டும் புடைத்துக்கொண்டு நின்றது.

எழுந்து விலகி நின்றார். ஒவ்வொருவராக வந்து எடுத்தார்கள். செயலாளரின் கை அந்தப் பெரிய கூறின்மேல் சென்று, நின்று, பக்கத்திலிருந்த சிறியதை அள்ளியது. கண்டக்டரும் அதைத் தாண்டினார். நான்காம் மாடிப் பெண் இருப்பதிலேயே சிறியதைத் தேடி எடுத்தாள். தோட்டக்காரம்மாவும் தன் கூறை எடுத்துக்கொண்டாள். எவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வராதவர்களின் இரண்டைக் கட்டி வைத்தபின், சாக்கின்மேல் பெரிய கூறு மட்டும் மீந்திருந்தது.

“இது வேண்டாம்மா. கொஞ்சம் நீங்க எடுத்துக்கங்க.”

“போட்டவருக்குக் கடைசிக் கூறு சார். அத மாத்த முடியாது.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். மனைவி பையை விரித்துப் பிடித்தாள். “கூறு கெட்ட மனுஷா” என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும் குரலில். “பிடிங்க, கனக்குது.”

வராதவர்களின் பைகள் இரண்டையும் மறுகையில் தூக்கிக்கொண்டு லிஃப்டில் ஏறினார். கண்டக்டரும் ஏறிக்கொண்டார். பழக்கத்தில் அவர் வாயிலிருந்து கேள்வி நழுவியது: “உங்க பை எத்தனை கிலோ இருக்கும் சார்?”

தூக்கிய நொடியிலேயே ஐம்பது கிராம் பிசகாமல் சொல்லிவிடும் கை அது.

“தெரியல” என்றார்.

கண்டக்டர் முதல் மாடியில் இறங்கிக்கொண்டார். மில்லிகிராம் இரண்டாம் மாடியில் இறங்கி, இடப்பக்கத்துக் கதவின்முன் நின்று, எப்படித் தொடங்குவதென்று வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு, மணியை அழுத்தினார்.