சிவப்புப் பூட்டு

என் வீட்டுக்காரருக்குத் தண்ணீருக்குள் வேலை. அப்படிச் சொன்னதும் கேட்பவர்கள் கடல், முத்து, கலர் மீன் என்று கற்பனையை ஓட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை. அம்பத்தூர், செம்பரம்பாக்கம் பக்கத்துக் கம்பெனிகளில் பூமிக்கடியில் பெரிய தண்ணீர்த் தொட்டிகள் உண்டு. அவற்றில் இறங்கி, மோட்டார் தண்ணீர் உறிஞ்சும் குழாயின் வாயில் அடைத்துக்கொண்ட குப்பையை எடுப்பார். உள்ளே கும்மிருட்டு. மேலேயிருந்து ரப்பர் குழாயில் காற்று வரும். கையால் தடவித் தடவித்தான் வேலை.

பல வருஷம் யாரும் சொல்லிக்கொடுக்காமலே இறங்கிக்கொண்டிருந்தார். முறையாகப் பயிற்சி எடு என்று நச்சரித்தவள் நான்தான். ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் நான். அப்பாவுக்கு ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. அங்கே ஒரு மெஷினை ரிப்பேர் பார்க்கும்போது சுவிட்சில் சிவப்பு அட்டை தொங்கவிடுவார்களாம். அட்டை தொங்கினால் எவ்வளவு பெரிய அதிகாரியானாலும் சுவிட்சைத் தொடமாட்டாராம். உலகம் பூராவும் அப்படித்தான் நடக்கும் என்று நம்பிக்கொண்டிருந்த லூசு நான்.

கடலோர ஊர் ஒன்றில் பயிற்சி. காது, நுரையீரல் எல்லாம் டாக்டர் பார்த்த பிறகுதான் சேர்த்துக்கொண்டார்கள். திரும்பி வந்தவருக்குச் சாப்பிடும்போதும் அதே பேச்சுதான்.

"ஒருத்தன் உள்ள இறங்குனா, இன்னொருத்தன் டிரெஸ்ஸ மாட்டிகினு மேல ரெடியா குந்தினு இருக்கணும். மோட்டார ஆஃப் பண்ணா மட்டும் பத்தாது. சுவிட்ச் பொட்டிய நம்ம பூட்டால பூட்டணும், சாவி நம்மகிட்ட இருக்கணும். எவனாவது தெரியாம போட்டுட்டான்னு வெச்சுக்க, கொழா கைய இஸ்துக்கும். பத்து பேரு சேந்து புட்ச்சு இஸ்தாலும் வராது."

"இத்தனை வருஷம் சாவி யார்கிட்ட இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"சாவி இன்னா சாவி? வாச்மேன்கிட்ட சொல்ட்டு இறங்குவேன்."

அதற்குமேல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பூந்தமல்லி கடைத்தெருவில் ஒரு சிவப்புப் பூட்டு வாங்கினார். ஒரே சாவிதான் இருக்க வேண்டுமாம், இன்னொன்றை அங்கேயே சாக்கடையில் வீசினார். கடைக்காரர் இவரை ஒரு மாதிரி பார்த்தார். மிச்சமிருந்த சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். "குழந்தைக்குத் தாயத்து கட்டின மாதிரி இருக்குய்யா" என்று கிண்டல் பண்ணினேன். உள்ளுக்குள் எனக்கு ஒரே பெருமை.

பூட்டோடு போனது இரண்டு மூன்று வேலைகளுக்குத்தான். பிறகு யாரும் கூப்பிடவில்லை. கடைசியில் கான்ட்ராக்டரே வீட்டுக்கு வந்தார்.

"கோச்சுக்காத அண்ணாத்தே. ஒரு ஆளைக் கூப்ட்டா ரெண்டு ஆளா வர்ற. பூட்டு வேற எட்த்துகினு வர்ற. ஒரு மணி நேரம் தண்ணி நின்னா மேனேஜரு எம்மேல எரிஞ்சு வுழுறான். பூட்டு இல்லாம இறங்கறதுக்கு ஆளா இல்ல ஊர்ல?"

எனக்குப் பொறுக்கவில்லை. "உள்ள இறங்கறவர் உசுரு போச்சுன்னா யாருண்ணே எரிஞ்சு விழுவாங்க?"

"ரூல்ஸ் தப்புன்னு நான் சொன்னனா தங்கச்சி? ரூல்ஸ் கரெக்ட்டு. அதுக்கு ஒத்துக்கற கம்பெனி ஒண்ணு காட்டு, நாளைக்கே கூட்டினு போறேன்."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. யாரைத் திட்டுவது என்றே தெரியாமல் டீ போட்டுக் கொடுத்தேன்.

துறைமுகத்தில் எல்லாம் முறைப்படி நடக்கிறது என்று கேள்விப்பட்டு அங்கேயும் போய்க் கேட்டார். வயசு தாண்டிவிட்டது என்றார்கள். நான் குடோனில் பெட்டி ஒட்டும் வேலைக்குப் போனேன். இவர் மெட்ரோ தூண் கட்டுகிற இடத்தில் போய் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். "ஒவ்வொருத்தனுக்கும் சேஃப்டி பெல்ட்டு குட்த்துகீறாங்க பாரு" என்று சாயங்காலம் வந்து சொல்வார்.

எங்கள் காம்பவுண்டில் நாலு குடித்தனம். யார் வேண்டுமானாலும் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள், தண்ணீர் வழிந்து தெருவுக்கு ஓடுகிறது என்று வீட்டுக்கார அம்மா ரொம்ப நாளாகக் கத்திக்கொண்டிருந்தாள். ஒரு நாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது பார்க்கிறேன், மோட்டார் பெட்டியில் ஒரு பூட்டு தொங்குகிறது. சிவப்புப் பூட்டு.

"உன் ஊட்டுக்காரருதாம்மா குட்த்தாரு. சும்மாதான் கெடக்குது, நீங்களே வெச்சுக்கோங்கன்னாரு" என்று சாவியை இடுப்பில் செருகிக்கொண்டே சொன்னாள்.

அன்று விடியற்காலையிலேயே ஒரு வேலை என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தார். என்ன வேலை என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த இடத்திலேயே நின்று போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப். குடோனில் அன்று ஒட்டிய பெட்டியெல்லாம் கோணல். சூப்பர்வைசர் திட்டியது காதிலேயே விழவில்லை. டீ நேரத்தில் போட்டேன், சாப்பாட்டு நேரத்தில் போட்டேன். அப்போதும் சுவிட்ச் ஆஃப்தான்.

சாயங்காலம் வந்தார். தலைமுடியில் பாசி நாற்றம். "இன்னா கொழம்பு?" என்று கேட்டுக்கொண்டே சட்டையைக் கழற்றினார். என் கண் அவர் இடுப்புக்குத்தான் போனது. வெறும் கயிறு. நான் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார்.

"வாச்மேன்கிட்ட சொல்ட்டுதான் இறங்குனேன்" என்றார்.

சண்டை போடுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். எனக்கும் வாய் வரைக்கும் வந்தது. பூட்டோடு போ என்றால் வீட்டில் உட்கார வேண்டும், பூட்டில்லாமல் போ என்று என் வாயால் எப்படிச் சொல்வேன்? சோற்றைப் போட்டு வைத்தேன். முழுசாக வந்துவிட்டாரே என்று சந்தோஷப்படக்கூட முடியவில்லை. இன்று வந்துவிட்டதால்தானே நாளைக்கும் போவார்.

இப்போது வாரத்தில் பாதி நாள் வேலை இருக்கிறது. காலையில் வீட்டுக்கார அம்மா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, சிவப்புப் பூட்டைத் திறந்து மோட்டாரைப் போடுகிறாள். அவள் அனுமதி இல்லாமல் இந்தக் காம்பவுண்டில் ஒருத்தரும் சுவிட்சைத் தொட முடியாது. எங்கள் தொட்டிக்குள் ஆள் யாரும் இல்லை. இவர் அந்த நேரத்துக்கு எங்கேயோ ஒரு தொட்டிக்குள் இறங்கிக்கொண்டிருப்பார். அங்கே சுவிட்ச் பெட்டி திறந்தே கிடக்கும்.