ஹம்தம் வீட்டு மீன்தொட்டி விளக்கு

சமர்கந்தில் எங்கள் தெருவில் ரொட்டி சுடுகிறவர் ஹம்தம். பகலெல்லாம் தந்தூர் அடுப்புக்குள் தலையை விடுகிற மனிதருக்கு, மாலையில் தங்கமீன் தொட்டியைப் பார்த்தால்தான் உடம்பு குளிரும். மகள் நஃபோசத்தைப் பெண் கேட்டு மாப்பிள்ளையின் தாய் சொலிஹா வருகிறார் என்றதும், தண்ணீருக்குள் எரியும் விளக்குகளாக நீலம் ஒன்று, மஞ்சள் ஒன்று வாங்கிவந்தார். நஃபோசத்துக்கோ அந்தப் பையனை ஏற்கெனவே பிடித்திருந்தது. வரன் கூடிவந்தால் போதும் அவளுக்கு.

விருந்தாளி உட்கார்ந்ததும் நீல விளக்கைப் போட்டார். தங்கமீன்கள் கத்தரிக்காய் ஆகிவிட்டன.

"ஏண்ணே, மீனுக்கு உடம்பு சரியில்லையா?" என்றார் சொலிஹா.

"ஒரு நிமிசம் இருங்க!" என்று முழங்கைவரை கையை நனைத்து நீல விளக்கை எடுத்துவிட்டு, மஞ்சள் விளக்கைத் தொட்டிக் கல்லுக்குப் பின்னால் பொருத்தினார். மீன்கள் ஜொலித்த ஜொலிப்பில், மேலே போன விமானம் ஓடுபாதை என்றெண்ணி இறங்கப் பார்த்தது. சத்தியமாகச் சொல்கிறேன்.

அதில் சொக்கிப்போய், சொலிஹாவின் கிண்ணத்தில் தேநீரை விளிம்புவரை ஊற்றிவிட்டார் ஹம்தம். எங்கள் ஊரில் அரைக் கிண்ணம்தான் மரியாதை. நிறைத்தால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருள்.

"அப்பா, கிண்ணத்தப் பாருங்க!" நஃபோசத்தின் முகம் வெளுத்துவிட்டது.

"விரட்டுறீங்களா? இந்த மீனை விட்டுட்டு யாரு போறது!" என்ற சொலிஹா, பாதித் தேநீரை ஹம்தமின் காலிக் கிண்ணத்தில் சாய்த்தார். "இப்ப ரெண்டும் அரைக் கிண்ணம். உக்காருங்க சம்பந்தி, கல்யாணத் தேதி பேசுவோம்."

ஹம்தமின் சட்டைக்கை சொட்டிக்கொண்டிருந்தது. "அப்ப இந்த நீல விளக்க என்ன பண்றது?"

"சீரோட சேத்து அனுப்புங்க!"