எடுக்காத வெற்றிலை

உழைத்தால் உயரலாம் என்பார்கள். அது முழு உண்மையாக இருந்திருந்தால் எங்கள் லயத்தில், அந்தக் கூலி வரிசை வீடுகளில், ஒரு குடும்பம்கூட மிஞ்சியிருக்காது, அப்படி உழைத்தோம். எனக்குப் பிடித்த பழமொழி வேறு: தாட்சண்யம் தன நாசம். முகத்துக்கு நேராக ‘வேண்டாம்’ சொல்லத் தெரிந்தவன்தான் சொந்தக் காலில் நிற்பான். எனக்கு அது வராது. என் மனைவிக்கு வரும்.

கோப்பெங் ஊரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். அவளுக்கு இரண்டு பசு, ஒன்று நிறைசினை. ஈப்போவில் ஒரு சீன முதலாளி, தவுக்கே என்போம், தன் மாட்டுக்கொட்டகையை வாடகைக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். அந்த வாரத்துக்குள் போகாவிட்டால் அது வேறொருவருக்கு. போனால் பால் வியாபாரம், எங்களுக்கு நாங்களே முதலாளி.

இடையில், தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணியின் வெற்றிலைத் தட்டு வந்தது. வருஷாவருஷம் கோயில் திருவிழா முடிந்த மறுநாள் மதியம், கோயில் வாசலில் அதை வைத்துக்கொண்டு உட்காருவார். எடுத்தவன் அடுத்த திருவிழா வரை அவருடைய ஆள். ஆளுக்கு இவ்வளவு என்று தோட்டத்திலிருந்து அவருக்குத் தலைக்காசு உண்டு. எடுத்து வாக்கு மாறியவனும் இல்லை, எடுக்காமல் போனவனும் இல்லை.

என் முறை வந்தது. நின்றேன்.

“என்னலா மச்சான், வெத்தல எடுக்கவும் பொண்டாட்டி உத்தரவு வேணுமா?” என்றான் பின்னால் நின்ற ஒருவன்.

கூட்டம் சிரித்தது. என் கை தானாக நீண்டது.

“அண்ணே, வேணாம்ணே.” பெண்கள் பக்கமிருந்து என் மனைவி கங்காணி முன்னால் வந்துவிட்டாள்.

சிரிப்பு நின்றது. கங்காணி அவளைப் பார்க்காமல் என்னிடமே பேசினார்.

“உன் அப்பன் செத்தப்ப பாடை கட்டினது யாருடா?”

“நீங்கதாண்ணே,” என்றாள் அவள். “மறக்கல. உங்க வீட்ல நல்லது கெட்டதுன்னா மொத ஆளா வந்து நிப்பேன். இந்தத் தட்டத் தொட்டா வாக்கு. காப்பாத்த முடியாத வாக்க எதுக்கு உங்களுக்குத் தரணும்?”

அவர் மெதுவாகத் தட்டை இழுத்துக்கொண்டார். “அப்ப இப்பவே மாட்ட அவுத்துக்கிட்டுப் போ. பொழுது சாயறப்ப தோட்டத்துல நிக்கிற மாடு எனக்கு.”

நிறைசினை மாடு ஈப்போ வரை நடக்காது என்று அவருக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும். பணிந்து வருவோம் என்றுதான் அப்படிச் சொன்னார்.

“சரிண்ணே. போயிட்டு வாரோம்,” என்றாள்.

இரண்டு பசுவையும் ஓட்டிக்கொண்டு வெயிலில் நடந்தோம். யாரும் வழியனுப்ப வரவில்லை. கோப்பெங் தாண்டியதும் நிறைசினைப் பசு ரோட்டோரப் புல்லில் மடிந்து படுத்து, மூச்சிரைத்தது.

“திரும்பிப் போலாம் புள்ள. கால்ல விழுறேன். கங்காணி என்ன பிசாசா?”

“விழுங்க. அப்புறம் எந்திரிக்க விடமாட்டாரு,” என்று முந்தானையை இடுப்பில் செருகினாள். “அங்க ஈயம் தோண்டுற லம்பத்துல ஆளுங்க இருக்காங்க. போய்த் தண்ணி கேளுங்க.”

எனக்குக் கேட்கவும் கூச்சம். போனேன். வாளியோடு திரும்பியபோது கன்றின் முன்னங்கால்கள் வெளியே தெரிந்தன, அதற்குமேல் வரவில்லை. அவள் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். நானும் சேர்ந்து பிடித்தேன். வழுக்கியது. மறுபடி பிடித்தோம்.

விழுந்த கன்று அசையவில்லை. அவள் அதன் மூக்கைத் துடைத்து வாயால் ஊதினாள். எனக்குக் குலதெய்வத்தின் பெயர்கூட மறந்துபோயிற்று.

தும்மியது.

இருட்டுவதற்குள் கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு நான் முன்னால் நடந்தேன், மற்றப் பசுவை அவள் ஓட்டி வந்தாள். கன்று போகும் திசையிலேயே, ஈப்போவை நோக்கி, தாய்ப்பசு எழுந்து வந்தது.