அக்காவின் ராஜினாமா ஃபைல்

டெல்லி ஆர்.கே.புரம் நண்பர்களே, இன்று காலை எங்கள் குவார்ட்டர்ஸில் சரித்திரம் நடந்தது.

அக்கா கட்டட இன்ஜினியர். சர்க்கார் ஆபீசில் ஒன்றரை வருஷமாக அவள் கட்டியதெல்லாம் வரைபடச் சுருளுக்கு நூல்தான். ஃபரீதாபாத்தில் நிஜமாகவே பாலம் கட்டும் சின்னக் கம்பெனி ஒன்று அவளைக் கூப்பிட்டிருக்கிறது. நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். அப்பாவோ ஒரு வாரமாக "அப்புறம் பேசலாம்" என்பதோடு சரி.

அப்பா செக்ஷன் ஆபீசர். வாயால் கேட்டால் பதில் வராது. ஃபைலாக வந்தால் ஒரு நாள் தாண்டாது.

ஆகவே நான் ஒரு ஃபைல் போட்டேன். பொருள்: அக்கா வேலையை விடுவது. அம்மாவிடம் "ஆட்சேபணை இல்லை" என்று கையெழுத்து வாங்கினேன். 'அவசரம்' என்று சிவப்புச் சீட்டு ஒட்டி, காலைப் பேப்பருக்கு அடியில் வைத்தேன்.

அப்பா காபி ஆறும்வரை படித்தார். பேனாவைத் திறந்து எழுத்துப்பிழை இரண்டைத் திருத்தினார். ஓரத்தில் 'ப்ளீஸ் ஸ்பீக்' என்று எழுதினார்.

அக்கா பேசப் போனாள்.

"அங்கே நாள் பூரா வெயில்ல நிக்கணுமேம்மா?"

"இங்கே நிழல்ல உக்காந்து படிச்சதெல்லாம் துருப் பிடிக்குதுப்பா."

அப்பா ஃபைலைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு "அச்சா, சரி" என்று சொல்லித் தேதியோடு கையெழுத்துப் போட்டார். அக்கா துள்ளியதில் காபி கொட்டியது.

என்னிடம் மட்டும், "பக்க எண் எங்கேடா, கழுதை?" என்றார்.

உங்கள் வீட்டில் எந்த விஷயம் தூங்குகிறது? சொல்லுங்கள், சிவப்புச் சீட்டு நாலு மிச்சம் இருக்கிறது. என் கணக்கு மார்க்குக்கு மட்டும் யாரும் ஃபைல் திறக்க வேண்டாம்.