மழையை மறிக்கும் கூரை மேடம்

சம்பளம் வாங்கிக்கொண்டு மழையை நிறுத்துகிற பெண்மணி ஒருவர் எங்கள் தெருவிலேயே குடியிருக்கிறார் என்று டீக்கடையில் பேச்சு. குழாயில் காற்று வருகிற காலத்தில் யாரையாவது திட்டியாக வேண்டுமே! விசாரிக்கப் போனேன். பேச்சில் பாதி உண்மை.

தெருக்கோடியில் உள்ள பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்கு வேலை. மழை பொய்த்தாலும் கதிர் முற்றுகிற நெல்லைத் தேடுகிறார். பூத்த பிறகு அந்தப் பாத்திகளில் ஒரு சொட்டு விழக்கூடாது. விழுந்தால், தாக்குப்பிடித்தது பயிரின் சாமர்த்தியமா, மழையின் தயவா என்று தெரியாது. ஒரு பருவத்து உழைப்பு போச்சு. அதற்காகத் தண்டவாளத்தில் உருளும் ஒரு கூரை. தூறினால் தள்ளி மூட வேண்டும், மழை வெறித்ததும் திறக்க வேண்டும். மோட்டார் என்றோ படுத்துவிட்டது. இப்போது அவரும் காவலாளியும்தான் மோட்டார்.

செருப்போடு தூங்குகிறார் என்பது வடிகட்டிய பொய். செருப்பு வாசலில்தான் இருக்கிறது, தெருவைப் பார்த்தபடி. ஆனால் மாடிவீட்டில் எண்ணெயில் ஏதோ பொரிந்த சத்தத்தை மழை என்று நினைத்து ஓடிப்போய்ப் பாத்தியை மூடியது நிஜம். “மேடம், வெயில் மண்டையப் பொளக்குது” என்று காவலாளிதான் மெதுவாக எடுத்துச் சொன்னாராம்.

அவர் ஓடும்போதெல்லாம் கொடியில் கிடக்கும் அவர் துணியை எடுக்கிற வேலை மாடிவீட்டு அக்கா தலையில் விழும். அக்கா எடுத்து மடித்து, கூடவே நாலு வார்த்தையும் வைத்துக் கொடுப்பார். “நெல்லுக்குக் கூரை போடுறவளுக்கு நான் கூரை போடணும். என் துணிய ஒரு தடவை எடுத்திருப்பியாடி நீ?”

“அடுத்த மழைக்கு நான்தான்க்கா எடுப்பேன். பாருங்க.”

“பாக்கத்தானே போறேன்.”

நான் போன அன்று அக்கா போர்வைகளைத் துவைத்துக் காயப்போட்டு, இவரிடம் ஒப்படைத்துவிட்டு மகள் வீட்டுக்குக் கிளம்பியிருந்தார். மழை என்றால் அவ்வளவு வெறுப்பா என்று கேட்டேன்.

“எங்க வீட்டுக் குழாய்லயும் காத்துதான் சார் வருது. நல்லா கொட்டட்டும். என் பாத்திய மட்டும் விட்டுட்டு.”

வானம் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும். முதல் துளி விழுந்ததும் கொடியை நோக்கி ஓர் அடி வைத்தார். அப்புறம் வாசலில் விட்டுப்போன செருப்பு மட்டும்தான் என் கண்ணில் பட்டது. தெருவே வாளியும் குடமுமாக வாசலுக்கு வந்தது. போர்வைகளை நான் எடுத்திருக்கலாம்தான். எல்லோரையும் போல நானும் வானத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

தொப்பலாக நனைந்து திரும்பினார். “பயிர் மேல ஒரு சொட்டு விழல சார்” என்றார். பிறகுதான் கொடியைப் பார்த்தார்.

உள்ளே போய் வாளியைக் கொண்டுவந்து கொடிக்குக் கீழே வைத்தார். அக்காவின் போர்வையை எடுத்து, வெளியே சிந்தாமல் வாளிக்குள் பிழியத் தொடங்கினார். கேட்டைத் திறந்துகொண்டு அக்கா வரும் சத்தம் கேட்டது. தலையைத் தூக்காமல் அடுத்த போர்வைக்குக் கை நீட்டினார்.