சாச்சாவின் கடைக்கு எதற்கு நியமனக் கடிதம்?

போன திங்கட்கிழமை ஒரு புடவைக் கடையில் வைத்து என் மானம் போனது. போக வேண்டிய மானம்தான். சொல்கிறேன்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பஸீலா, கல்முனை பஸாரில் உள்ள அந்தக் கடையில் ஏழு வருடமாக வேலை செய்கிறவள். எந்தத் தட்டில் எந்தச் சாரி இருக்கிறது என்பது முதலாளியை விட அவளுக்குத்தான் தெரியும். முதலாளி ஹாஜியார் அவளுடைய வாப்பாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி; அவளுக்குச் சாச்சா. எனக்குப் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி.

அவளை அங்கே சேர்த்துவிட்டதே, அவள் அண்ணன் முறையில் 'காக்கா' என்று கூப்பிடுகிற நான்தான். "காக்கா, நியமனக் கடிதம் ஒண்டும் தரமாட்டாரா?" என்று அன்றைக்கே கேட்டாள்.

"சாச்சாட கடைக்கு என்னத்துக்குப் புள்ள கடிதம்? நம்மட ஆள்தானே!" என்று சிரித்தேன். பெரிய புத்திசாலி நான்...

இப்போது அவளுக்குக் கைக்குழந்தை. பிரசவ லீவு முடிந்து போனவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான் — பிள்ளைக்குப் பால் கொடுக்க ஒரு நாளைக்கு இரண்டு தடவை வீட்டுக்குப் போய்வர வேண்டும். வீடு கல்முனைக்குடியில். நடந்தால் பத்து நிமிடம்.

ஹாஜியார் கத்தவில்லை, ஏசவில்லை. "நீ வீட்டில இரி மகள். புள்ள வளரட்டும், மறுகா பாப்பம்" என்று அன்பாக அனுப்பிவிட்டார். அடுத்த நாள் அவள் நின்ற இடத்தில் வேறொரு பெண் நின்றாள்.

அன்பாகச் சொன்னால் அது வேலைநீக்கம் இல்லையா?

பஸீலாவின் மாப்பிள்ளை கடலுக்குப் போகிறவர். கடல் கொந்தளிக்கிற மாதங்களில் அந்த வீட்டு அடுப்பு எரிவது அவளுடைய வேலையால்தான். பால்மறக்காத பிள்ளையா, வேலையா... இரண்டில் ஒன்றை விடு என்று அவளிடம் சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

அவள் அழவில்லை. நேராகத் தொழில் அலுவலகத்துக்குப் போனாள். 'குடும்பத்துக்குள்ள முறைப்பாடா?' என்று சொந்தபந்தம் எல்லாம் முகம் சுளித்தது. அங்கே இருந்த அதிகாரி தெளிவாகச் சொல்லியிருக்கிறார்: பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை பாலூட்ட இரண்டு இடைவேளை கொடுப்பது சட்டம். நியமனக் கடிதம் கொடுப்பது முதலாளியின் கடமை. அது கையில் இல்லை என்பதற்காக உங்கள் உரிமை இல்லாமல் போகாது.

முறைப்பாட்டுப் படிவத்தை நிரப்பிக்கொண்டு என்னிடம் வந்தாள். "குடுக்கிறதுக்கு முன்ன ஒருக்கா சாச்சாக்கிட்ட நேரில கதைக்கணும். நீங்களும் வாங்க காக்கா. கடிதம் வேணாம் எண்டு சொன்ன ஆள் நீங்கதானே."

போனேன். போகாமல் இருக்க முடியுமா?

ஹாஜியார் டீ வரவழைத்தார். படிவத்தைப் பார்த்ததும் முகம் வாடிவிட்டது. "நீ எனக்கு மகள் மாதிரிடி. மகளுக்கு ஆராவது கடிதம் குடுப்பாங்களா?"

பஸீலா டீயைத் தொடவில்லை. "சாச்சா, போன வருசம் உங்கட சொந்த மகளுக்குக் கலியாணத்துக்கு வீடு குடுத்தீங்க. வாயால குடுத்தீங்களா, உறுதி எழுதிக் குடுத்தீங்களா?"

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"காக்கா, அந்த உறுதியில சாட்சிக் கையெழுத்து வெச்சது நீங்கதானே?"

அவளுக்கு எப்படித் தெரியும்? எங்கள் ஊரில் எது தெரியாது! துணி பார்க்க வந்த பெண்கள்கூட விலை கேட்பதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். பொய் சொல்லவும் வழியில்லை.

"ஓம்" என்றேன்.

பெற்ற மகளுக்கே, பத்திரம் பதிகிற நொத்தாரிசு முன்னால் உறுதி எழுதிக் கொடுக்கிற ஊர் நாங்கள். அப்போது பாசம் குறைந்துபோனதாக யாரும் சொன்னதில்லை. வேலைக்கு நிற்கிற பெண் ஒரு தாள் கேட்டால் மட்டும் ஏன் அது நம்பிக்கைத் துரோகம் ஆகிவிடுகிறது? இந்தக் கேள்வி ஏழு வருடத்துக்கு முன்னால் எனக்கு வந்திருக்க வேண்டும். வெட்கமாக இருக்கிறது.

"வியாழக்கிழமை பத்து மணிக்குள்ள கடிதம் வரணும், சாச்சா. இல்லாட்டி இதக் குடுத்திடுவன்" என்று படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தாள் பஸீலா.

புதன்கிழமை மாலையே கடிதம் வந்தது. கடை முத்திரையுடன், பாலூட்டும் இடைவேளையும் எழுதி. புதிதாக வந்த பெண்ணையும் நிறுத்தவில்லை; அவளும் மற்ற நான்கு பெண்களும் இப்போது தங்களுக்கும் கடிதம் கேட்கிறார்களாம். கேட்கட்டும், விடாமல் கேட்கட்டும்.

ஹாஜியார் என்னோடு கதைப்பதில்லை. கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

பரவாயில்லை... பஸீலாவின் பிள்ளை பத்தரைக்கு ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை வயிறு நிறையப் பால் குடிக்கிறது.