பெரிய வெள்ளியில் ஒரு படுக்கை விரிப்பு

ஷாலோன் பக்கத்தில் எங்கள் ஊர்த் திடலில் ஆகாய விமானங்கள் பறக்கத் தொடங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. மொட்டைச் சமவெளி. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று மேலே இருப்பவனுக்குக் காட்ட அங்கே ஒன்றே ஒன்றுதான் உண்டு: சலவைக்காரி நொயெமியின் துணிக்கொடி. அவள் காயப்போட்ட விரிப்புகள் படபடக்கும் பக்கத்தைப் பார்த்து, காற்றுக்கு எதிராக இறங்குவார்கள். பின்காற்றில் இறங்கினால் விமானம் நிற்காது. ஓடிக் குப்புற விழும்.

நொயெமிக்கு அதில் பெருமை கொஞ்சநஞ்சமல்ல. அவளுடைய ஒரே மகன் ஒரேலியனும் விமானிதான். என் மளிகைக் கடைக்கு வந்தால் வாயைப் பிடுங்காமல் போகமாட்டாள்.

"பார்த்துக்கிட்டே இரு, காலையில கடல்ல எடுத்த சிப்பி மத்தியானம் என் கடைக்குப் பறந்து வரும்" என்பேன்.

"பக்கத்து ஊர் வெண்ணெயே உன் கடைக்கு வர்றதுக்குள்ள நாறிப்போகுது. சிப்பியாம் சிப்பி! எனக்குத் தெரிஞ்சது ஒன்னுதான்யா. மேல போறவன் எல்லாம் விளக்கெண்ணெய்ச் சட்டையோடதான் இறங்குறான். என் தொழிலுக்கு அழிவே கிடையாது."

எஞ்சின் அந்த எண்ணெயைக் குடித்து ஓட்டுபவன் மேலேயே துப்பும். அவள் சொன்னதில் தப்பில்லை.

"சரி, பட்டாளத்துக்கு இது ஆகுமா?"

"ஆகாம என்ன? மேல ஏறினவன் கைய வச்சுக்கிட்டு சும்மா இருப்பானா? கிடைச்சதத் தூக்கிக் கீழ உள்ளவன் தலையில போடுவான்" என்றாள். அப்புறம் இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

பெரிய வெள்ளியன்று பாரிஸிலிருந்து ஒரு கர்னல் வந்திறங்கினார். வானத்திலிருந்து வேவு பார்க்க முடியுமா என்று அவரே ஏறிப் பார்க்க வேண்டுமாம். ஒரேலியன் அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினான். காற்றே இல்லை. திடலில் எல்லோரும் தொப்பியை ஆட்டினோம்.

திடீரென்று கிழக்கிலிருந்து காற்று கிளம்பி என் தொப்பியைப் பறித்துக்கொண்டு போனது. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது: கொடி வெறுமையாக இருந்தது. பெரிய வெள்ளியில் எங்கள் பக்கம் யாரும் துணி துவைப்பதுமில்லை, காயப்போடுவதுமில்லை. போட்டவளுக்கு ஒரு வருடத்துக்குள் அந்தத் துணியே சவப்போர்வை ஆகும் என்பார்கள். விமானம் கிளம்பும்போது இந்த அறிவு எங்கே போயிற்று? என்னையும் சேர்த்து அத்தனை பேரும் முட்டாள்கள்.

நொயெமி வீட்டுக்குள் ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். ஊர்த்துணி எல்லாவற்றையும் முந்தின நாளே கொடுத்தனுப்பியிருந்தாள். அவள் கட்டிலிலோ கறுப்புக் கம்பளிதான். அலமாரியைத் திறந்து அடியிலிருந்து ஒரு வெள்ளை விரிப்பை உருவினாள். கல்யாணச் சீராக வந்தது. தன்னைப் புதைக்கும்போது சுற்றுவதற்கென்று எடுத்து வைத்திருந்தது. நான் அவள் கையைப் பிடித்தேன்.

"ஐயோ, அது வேணாம் நொயெமி! இன்னைக்குப் போய் அதையா?"

"போனா நான் போறேன். அவன் இறங்கணும். நுனியப் பிடிய்யா!"

கொடியில் போட்டுக் கவ்விகளை மாட்டினோம். விரிப்பு மேற்கே பார்த்துப் படபடவென்று அடித்தது. விமானம் ஏற்கெனவே கிழக்கிலிருந்து தாழ்ந்துகொண்டிருந்தது. சட்டென்று மூக்கைத் தூக்கி எங்கள் தலைக்கு மேலே போய், ஒரு வட்டமடித்து, மேற்கிலிருந்து வந்து புல்லில் பூப்போல உட்கார்ந்தது.

கர்னல் முகமெல்லாம் எண்ணெயோடு இறங்கினார். "வேவு பார்க்கப் பிரமாதம்! ஆனா வேற எதுக்கும் உதவாதுன்னு எழுதப்போறேன்."

"எழுதுங்க ஐயா. முதல்ல சட்டையக் கழட்டுங்க. நாளைக்குத் துவைச்சுத் தர்றேன்" என்றாள் நொயெமி. மகனைக் கட்டிக்கொண்டபோதுதான் அழுதாள்.

அந்த வருடம் முழுவதும் அவள் இருமினாலே எனக்குத் திக்கென்றிருக்கும். அடுத்த பெரிய வெள்ளி காலையில் என் கடைக் கதவைத் தட்டினாள்.

"சாகலையே நான்! உப்பு மீன் எடு. எங்கய்யா உன் சிப்பி?"

இப்போது பெரிய வெள்ளியிலும் யாராவது பறந்தால் அந்த விரிப்பு மட்டும் கொடியில் ஆடும். இரண்டு ஒட்டு விழுந்துவிட்டது. "இது கிழிஞ்சு போச்சுன்னா உன்னை எதுல சுத்துறதாம்?" என்று கேட்டேன்.

"கிழியட்டும். அவன் ஒவ்வொரு தடவையும் பத்திரமா இறங்கினாச் சரி. என்னை உன் மாவு மூட்டையில சுத்து" என்று சொல்லி, ஈர விரிப்பின் மறுநுனியை என் கையில் கொடுத்தாள்.